ஃபிளாஷ்பேக் சாட்சி

பழிவாங்கும் படங்களில் எனக்குப் பெரிய சிக்கலே ஃபிளாஷ்பேக்தான். வில்லன் என்ன செய்தான் என்பதை கேமரா முன்னாடியே காட்டிவிடுகிறது. அப்புறம் எதுக்கு விசாரணை? 'அந்நியன்' (2005) படத்தில் ரயிலில் கேவலமான சாப்பாடு போட்ட கேட்டரிங்காரரை எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். சாம்பார் சரியில்லாததற்கு மரண தண்டனை! தியேட்டரே விசிலடித்தது.

2024 செப்டம்பர் 18 அதிகாலை, வியாசர்பாடியில் ஒரு ரவுடியை போலீஸ் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொன்றது. கொருக்குப்பேட்டைக்காரனான எனக்குப் பக்கத்து ஏரியா. ரயில்வே கேட் மூடியிருந்த நேரம், டீக்கடையில் ஒருத்தர், "கோர்ட்டுக்குப் போனா இழுத்துனே இருப்பானுங்க, இதான் கரெக்ட்டு" என்றார். வடை வாங்க வந்த அக்கா ஒருவர், "எம் புள்ளையையும்தான் சந்தேகக் கேஸ்ல தூக்கினு போனாங்க. மூணாம் நாள்தான் வுட்டாங்க" என்றார். யாரும் பதில் பேசவில்லை. அவனுக்கு ஃபிளாஷ்பேக் எழுத ஆளில்லை, ஏரியா பேர்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து 'வேட்டையன்' வந்தது. ரஜினி சுட்டுக் கொன்றவன் நிரபராதி என்று படத்தின் நடுவிலேயே தெரிந்துவிடுகிறது. மாஸ் படத்தில் இவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம். ஆனால் உண்மைக் குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பதும் அதே ரஜினிதான். நிஜத்தில் சுட்டவரே திரும்பி வந்து துப்பறிவாரா?

2019 டிசம்பர் 6, ஹைதராபாத் பாலியல் கொலை வழக்கில் கைதான நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், செத்தவர்களில் மூன்று பேர் மைனர்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் சொன்னது. அந்த அறிக்கை வெளியானது 2022 மே மாதம்.