அம்மாவின் பன்னிரண்டு ரூபாய்

அம்மா காலமான பிறகு, பொம்மிடி வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. உள்ளே பன்னிரண்டு வெள்ளி ரூபாய். அக்கா வந்திருந்தாள். "ஆளுக்கு ஆறு. என் பங்கை உருக்கிப் பேத்திக்குக் கொலுசு பண்ணப்போறேன்டா தம்பி" என்றாள். நியாயமான ஆசைதான். ஆனாலும் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

அந்தக் காலத்து ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு வெள்ளி. 1940-ல்தான் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் நிக்கலே வந்துவிட்டது. இது பலருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே ஆண்டு போட்ட காசுகளுக்குள்ளும் ஜாதி உண்டு என்பது தெரியாது.

எங்கள் முடிச்சில் 1840 என்று போட்டது இரண்டு. ஒன்றில் விக்டோரியா ராணியின் பெயர் தலைக்கு மேல் ஒரே வளைவாக ஓடுகிறது. மற்றதில் தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பிரிந்தது பிந்தியது. 1862-ல் புது அச்சு வரும்வரை ஆண்டை மாற்றாமலே அடித்தார்கள். பின்பக்க மாலையில் உள்ள காய்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி அச்சைப் பிரிப்பவர்கள் உண்டு. நானும் எண்ணினேன். கண் வலித்ததுதான் மிச்சம், தேய்ந்த காசில் பாதிக் காய் இல்லை! அமெரிக்காவிலும் பழைய வெள்ளி அரை டாலர்களை இப்படித்தான் நட்சத்திரம், எழுத்து என்று பார்த்துப் பிரிக்கிறார்களாம். பைத்தியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1862 கதையும் அதேதான். 1874 வரை அதே ஆண்டுதான். பம்பாய் தங்கசாலை மட்டும் ஆண்டுக்கருகே புள்ளிகள் வைத்தது. நம் சென்னைத் தங்கசாலை 1869-ல் மூடப்பட்டது. தெருப் பெயர் மட்டும் நிற்கிறது.

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயை ஆவலாகத் தேடினேன். ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று ஜனங்கள் முகம் சுளிக்க, 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். எங்களிடம் இருந்தது 1912, 1918. யானை யானையாகவே இருந்தது.

இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. 1939 ஆண்டு ரூபாய் ஒன்று இருந்திருந்தால் வேறு பேச்சு. அதை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "அப்புறம் எதுக்குடா இந்தப் பாடு?" என்றாள். அம்மா எந்தக் காசை எப்போது முடிந்து வைத்தாளோ என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் 1840 இரண்டையும் நான் வைத்துக்கொண்டேன். ஈடாக என் பங்கிலிருந்து இரண்டைக் கொடுத்தேன். ஒரு காசில் மட்டும் தாலிக்கயிற்றில் கோக்கக் காது வைத்துப் பற்ற வைத்திருந்தது. காது வைத்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். அக்கா அதைத் தனியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றவை கொலுசாகிவிட்டன. அது மட்டும் ஆசாரியிடம் போகவில்லை.