கிளாரினெட்டும் நாங்களும்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்கு வகையாகப் பிரித்தனர் நம் முன்னோர். புல்லாங்குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள் என்பதை யாவரும் அறிவர். அவற்றின் மேனாட்டு உறவான கிளாரினெட்டைப் பற்றி அறிந்தவர் சிலரே. நம் பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் அதை வாசிக்கும் வாய்ப்பு எங்கள் மூவருக்குக் கிடைத்தது. விளையாட்டு விழா அணிவகுப்பு முடிந்ததும் தங்கையர் பலர் ஓடி வந்து, "அக்கா, இது நாதஸ்வரம்தானே?" என்று கேட்பதுண்டு. இந்த ஆண்டோடு நாங்கள் பள்ளியை விட்டுப் பிரிகிறோம். அதற்கு முன் அந்தக் கேள்விக்கு முறையாக விடை சொல்லிவிட விரும்புகிறோம்.

பெட்டியைத் திறந்தால் கிளாரினெட் முழு உருவில் இராது. ஐந்து துண்டுகளாகக் கிடக்கும். ஊதுவாய், பேரல் எனப்படும் சிறு துண்டு, மேல் பாகம், கீழ்ப் பாகம், மணிபோல் விரிந்த அடிப்பாகம் என்பவை அவை. தக்கை சுற்றிய முனைகளை மெல்லத் திருகிப் பொருத்தினால் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமுள்ள கருவி உருவாகிவிடும். உயர்ந்த ரகக் கிளாரினெட்டுகளை ஆப்பிரிக்காவின் தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளரும் ஒரு கரிய மரத்தில் கடைகிறார்கள். நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம் அது. எங்கள் கைக்கு வந்தவை எபோனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவை.

கருவியின் உயிர் ரீடு என்னும் சிறு தகட்டில் இருக்கிறது. மூங்கிலைப் போன்ற ஒரு நாணலைச் சீவி அதைச் செய்கிறார்கள். தென் பிரான்சில் விளையும் நாணல் இதற்குப் பெயர் பெற்றது. நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு நாக்குகள் உண்டு. கிளாரினெட்டிலோ ஒன்றே ஒன்றுதான். அதை நாவால் நனைத்து ஊதுவாயின் அடியில் வைத்து, ஒரு பட்டையால் இறுக்குகிறோம். கீழ் உதட்டைப் பற்களின்மேல் மடித்து ஊதும்போது, ரீடின் நுனி அந்தச் சிறு இடைவெளியைத் திறந்து மூடி, திறந்து மூடித் துடிக்கிறது. கருவியின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு அது ஒரு நொடியில் சுமார் 147 முறை துடிக்கிறது என்றால் வியப்பாக இல்லையா!

இனித்தான் விந்தை. புல்லாங்குழலில் ஊதும் துளையும் திறந்திருக்கிறது, அடி முனையும் திறந்திருக்கிறது. கிளாரினெட்டில் மேல் முனையை ரீடும் வாயும் அடைத்துவிடுகின்றன. திறந்த குழலில் ஒலி ஒருமுறை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு முனை மூடிய குழலில் இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும். அதனால் ஏறத்தாழ அதே நீளமுள்ள மேனாட்டுப் புல்லாங்குழலைவிடக் கிளாரினெட் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பேசுகிறது. நாகசுரத்திலும் சீவாளி மேல் முனையை அடைக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அதன் குழல் மேலே குறுகிக் கீழே விரிந்து போவது. கிளாரினெட்டின் குழல் பெரும்பகுதி ஒரே அகலமுடையது. இந்த உருவ வேறுபாட்டால் இரண்டின் இயல்பும் மாறிவிடுகிறது. தங்கையரே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான்!

புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட்டில் இடப் பெருவிரலால் பின்புறச் சாவியைத் திறந்தால், ஒலி மேல் ஸட்ஜத்தைத் தாண்டி அதற்கும் மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும். ஸரிகமபதநி என்று எண்ணிக்கொண்டே போனால் அது பன்னிரண்டாவது சுரம். அவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்ப நம் விரல்கள் போதா. ஆகவேதான் அத்தனை வெள்ளி நிறச் சாவிகள். இன்று பரவலாக வழங்கும் கிளாரினெட்டில் 17 உள்ளன. மேல்நிலை இயற்பியல் வகுப்பில் மூடிய ஆர்கன் குழாயில் அதிர்வெண்கள் 1:3:5 என்னும் ஒற்றைப்படை விகிதத்தில் அமையும் என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியபோது, நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெருவிரல் முன்னமே கற்றிருந்த பாடமல்லவா அது!

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் என்னும் கைவினைஞர் 1700-ஆம் ஆண்டளவில் ஷாலுமோ என்ற பழைய குழலைத் திருத்தி இக்கருவியை உருவாக்கினார். மேதை மோட்ஸார்ட் 1791-இல், தாம் மறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, தம் நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக ஒரு கிளாரினெட் கான்செர்ட்டோவை எழுதி முடித்தார். பாரிஸில் குளோசேயும் பூஃபேயும் 1839-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாவிகளைச் சீரமைத்தனர். அவர்கள் வகுத்த அமைப்பே இன்று பெரும்பாலும் வழக்கில் உள்ளது.

நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே சதிர் ஆட்டத்துக்குப் பக்கவாத்தியமாக முகவீணையின் இடத்தில் கிளாரினெட் அமர்ந்துவிட்டது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக இசையை முழுக் கச்சேரியாகவே வாசித்துப் புகழ்பெற்று, 2022-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். சாவிகள் நிறைந்த இந்த மேனாட்டுக் குழலில், உதட்டின் பிடியைத் தளர்த்தியும் துளைகளைப் பாதி திறந்தும் கமகங்களை வரவழைப்பது எத்தனை அரிய உழைப்பு!

எங்களுள் ஒருத்தியின் பாட்டி, "பொம்பளைப் பிள்ளைக்கு ஊதுகிற வேலை எதுக்குடி? நெஞ்சு நோகுமே" என்று தடுத்துப் பார்த்தார். அவர் கவலை அன்பினால் வந்தது. ஆனால் இக்கருவி கேட்பது பலத்தையன்று, நிதானத்தை. மூச்சை முரட்டுத்தனமாகத் தள்ளினால் ரீடு அடைத்துக்கொள்ளும். வயிற்றிலிருந்து சீராக விடும் மெல்லிய மூச்சுக்கே அது இசையும். ஒரு விரல் துளையை மயிரிழை மூடாவிட்டாலும் 'கீச்' என்று காட்டிக் கொடுத்துவிடும். மாதக்கணக்கில் மாலை வேளைகளில் அந்தக் கீச்சுக் குரலைப் பொறுத்துக்கொண்ட விடுதிச் சகோதரிகளுக்கு எங்கள் நன்றி. அதே பாட்டி இந்த ஆண்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து, பேத்தியின் வாசிப்பை இறுதிவரை கேட்டுவிட்டு, "மூச்சு முட்டலையே" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அதுவே பரிசு.

அன்புத் தங்கையரே! வரும் ஜூன் மாதம் இசை அறை அலமாரியில் மூன்று கறுப்புப் பெட்டிகள் இருக்கும். நாங்கள் இருக்க மாட்டோம். வாசிக்காமல் அடைத்து வைத்த கிளாரினெட் அப்படியே காத்திராது. தக்கை காய்ந்து உதிரும். சாவிகளுக்கு அடியிலுள்ள மெத்தைகளைப் பூச்சி அரிக்கும். பிறகு எந்தத் துளையும் சரியாக மூடாது. எங்களுக்கு முன்னிருந்த அக்காமார் துடைத்துப் பாதுகாத்ததனால்தான் அவை எங்களிடம் பாடின. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியரில் மூவர் முன்வந்தால் போதும். மே மாதத்திலேயே பாண்டு மாஸ்டர் கற்றுத்தரத் தயாராக இருக்கிறார். முதல் வாரம் சுரமே வராது, கன்னம் வலிக்கும். கலங்க வேண்டாம். ஒரு நாள் திடீரென்று அடிக்குரலில் ஒரு நீண்ட சுரம் எழும். அது உங்கள் மூச்சுதான் என்று நம்பவே முடியாது.

வாசித்து முடித்ததும் ரீடைத் துடைத்து உறையில் வைக்க மறவாதீர்கள்.

— கிளாரினெட் பிரிவு மாணவியர் மூவர்,
பன்னிரண்டாம் வகுப்பு