உறுத்தினால் போய்ப் பார்த்துவிடு

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று எங்கள் ஊர்ச் சபையில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கர்த்தர் சொன்னார் என்று மகளுக்கு வரன் முடித்தவர்கள் உண்டு. கர்த்தர் சொன்னார் என்று பைபாஸ் ஓரத்தில் மனை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. சேகரத் தேர்தல் வந்தால் இரண்டு அணியிலும் கர்த்தர் சொல்லித்தான் நிற்பார்கள். நானோ முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்தவள். சார்ட்டில் எழுதாத மருந்து கொடுக்காத மருந்துதான் என்று ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, என் விசுவாசமும் அப்படியே ஆகிவிட்டது. வேதத்தில் எழுதியிருப்பது சரி. மனதில் தோன்றுவதற்கு யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்?

இப்படிப்பட்டவள்தான் ஓய்வு பெற்ற பிறகு மிஷனெரியாகப் போனேன். அதற்கும் எனக்குத் தரிசனம் எதுவும் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. 1903-இல் அசரியாவும் அவர் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மிஷனெரி ஊழியம் புதிதல்ல. ஜார்கண்டில் ராஜ்மஹால் மலையில் பஹாடியா மக்கள் நடுவே வேலை செய்யும் இளம் மிஷனெரிகளுக்குத் துணையாக, அனுபவப்பட்ட நர்ஸ் ஒருவரும் பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும் என்று கேட்டார்கள். "பென்ஷன் வருது, காலும் நடக்குது, போவோம்" என்றார் அவர். அவ்வளவுதான் எங்கள் அழைப்பு.

சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் கங்கை மலையடிவாரத்தை ஒட்டி ஓடுகிறது. மேலே ஏறினால் சரிவெல்லாம் மக்காச்சோளமும் தட்டாம்பயறும். அந்த மக்கள் பேசும் மால்டோ, திராவிடக் குடும்பத்து மொழி. எங்கள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரே தம் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மஹால் மொழியைச் சேர்த்திருக்கிறார். சொந்தக்கார மொழிதானே என்று தைரியமாகப் போனேன்; ஒரு வார்த்தை புரியவில்லை.

ஜார்கண்டில் காலா அசார் என்ற காய்ச்சல் நெடுங்காலமாக இருந்துவந்த நாலு மாவட்டங்களில் சாகிப்கஞ்சும் ஒன்று. மற்றவை தும்கா, கொட்டா, பாகூர். மண்சுவர் விரிசலிலும் ஈரத்திலும் இருக்கும் மணல் ஈ கடித்துப் பரவுவது. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது, மண்ணீரல் வீங்கும், ரத்தம் வற்றும். வைத்தியம் பார்க்காவிட்டால் அநேகமாகச் சாவுதான். அந்தப் பகுதியில் இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டும் என்று இளம் மிஷனெரிகளுக்கு நானே பாடம் எடுத்தேன்.

வாரம் ஒருநாள் மலைக் கிராமம் ஒன்றில் மருந்துப் பெட்டியோடு உட்காருவேன். புண்ணுக்குக் கட்டு, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை, மலேரியாவுக்கு ரத்தச் சோதனை. அதற்கு மேல் என்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒருநாள் ஒருவர் காய்ச்சல் மாத்திரை கேட்டார். யாருக்கு என்றேன். தனக்குத்தான் என்றார். நெற்றியில் கைவைத்தேன், சூடு இல்லை. கொடுத்த மாத்திரையை வேட்டி நுனியில் முடிந்துகொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தாயிற்று. எனக்கு இவர் சொல்வது காதில் ஏறவில்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போ என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தவளுக்கு இருக்குமே, அந்த மாதிரி. சத்தம் போடவில்லை, காரணம் சொல்லவில்லை, விடவும் இல்லை.

பெட்டியை மூடும்போது மேகம் இருட்டிவிட்டது. கூட வந்திருந்த இளம் மிஷனெரி, "அம்மா, இப்பக் கிளம்புனாத்தான் ஜீப்பப் பிடிக்க முடியும்" என்றார்.

"மாத்திர வாங்கிட்டுப் போனாருல்லா, அவரு வீட்ட ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம் தம்பி."

"ஏதும் சொன்னாராம்மா?"

"ஒண்ணும் சொல்லல. மனசு கேக்கல."

தாழ்ந்த வாசல். குனிந்து உள்ளே போனால் ஒரே புகை. மூலையில் கோணிமேல் ஒன்பது பத்து வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளை. கைகால் எலும்பாகி வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழு என்று சைகை காட்டினேன். மண்ணீரலின் விளிம்பு கெட்டியாக வந்து விரலில் இடித்தது. தொப்புள்வரை இறங்கியிருந்தது.

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். தட்டாம்பயறு பூத்ததிலிருந்து என்றார் அப்பா. நான் வரும் வழியில் பயறைப் பறித்துக் காயப்போட்டிருந்தார்கள்.

அவர் ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு இதே காய்ச்சல் வந்தபோது தினம் ஒன்றாக மாதக்கணக்கில் ஊசி. கீழே போய்த் தங்கி, ஆட்டை விற்று, பயறை அடமானம் வைத்து, கடைசியில் அண்ணனும் பிழைக்கவில்லை. 2014-க்குப் பிறகு சிகிச்சை மாறிவிட்டது, லைப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஒரே தடவை டிரிப்பில் ஏற்றினால் போதும், அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பிள்ளையைக் கீழே கொண்டுபோனோம். விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு. சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு உடனே விழுந்தது. மருந்து ஏற்றினார்கள், ரத்தசோகைக்கும் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

இளம் மிஷனெரி இதை ஜெபக்கடிதத்தில் பெரிய அற்புதமாக எழுதிவிட்டார். எனக்கு அது ஒட்டவில்லை. அன்று ராத்திரி என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். முந்தின வாரங்களிலும் அதே மனிதர், அதே மாத்திரை, தனக்குத்தான் என்ற அதே பதில். எல்லாம் என் கையெழுத்தில். ஒரே வீட்டுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் மாத்திரை போகிறது, கேட்கிறவர் நெற்றியில் சூடு இல்லை. கணக்கு ஏற்கெனவே அங்கே கிடந்தது. கணவரிடம் காட்டினேன்.

"அப்போ கர்த்தர் ஒண்ணும் சொல்லலங்கிற?" என்றார்.

"நோட்டுலயே இருக்குங்க."

"நோட்டுல முந்தியும் இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் ஏன் உறுத்துச்சு?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில்தான் என் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. ஆவியானவரின் ஏவுதல் என்றால் நமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு எங்கிருந்தோ வருகிற செய்தி என்று நினைத்திருந்தேன். அதனால்தான் நம்பவும் முடியவில்லை. முப்பது வருஷம் வார்டில் தொட்ட நெற்றிகள், எழுதிய சார்ட்டுகள், எடுத்த பாடம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே அவர் பேசக்கூடும் என்று தோன்றியதும் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த சண்டை குறைந்தது.

ஐடா ஸ்கடரின் கதை எங்கள் நர்சிங் வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. மிஷனெரி ஆவதில்லை என்ற முடிவோடு இருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டரான ஐடாவின் அப்பாவை உள்ளே விட மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவரைத் திருப்பியது கதவுத் தட்டலும் சாவும். கண்ணெதிரே நடந்த விஷயங்கள். இந்தக் கதையை நானே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். மலைக்குப் போன பிறகுதான் அது எனக்கும் சேர்த்துச் சொன்ன கதை என்று தெரிந்தது.

அதன் பிறகு உறுத்தல்களையும் சார்ட் போட ஆரம்பித்தேன். நோட்டின் பின்பக்கம் தேதி, என்ன தோன்றியது, போனேனா, என்ன கண்டேன். அப்படி எழுதி வந்ததில் சில விஷயங்கள் தெளிவாயின.

பெரும்பாலான உறுத்தல்கள் 'போ' என்றோ 'பேசு' என்றோ சொல்லவில்லை. 'இரு' என்றன. கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சின்ன மிஷனெரி ஒருவரின் மனைவி, எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கோம்மா" என்பாள். ஒருநாள் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஜீப்காரர் வெளியே ஹாரன் அடிக்கிறார். உட்கார் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். அவள் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை அள்ளி உரித்தேன். முறம் பாதி நிறைந்த பிறகு, தலையை நிமிர்த்தாமலே, அவளுடைய அம்மா இறந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதைச் சொன்னாள். ஊழியக்காரர் வீட்டில் அழுதால் ஜனங்களுக்கு விசுவாசம் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் இதுவரை அழவில்லையாம். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. கூடவே இருந்து அழுதேன். நோட்டில் அன்று எழுதியது: "உட்கார்ந்தேன்."

சில உறுத்தல்களுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் சௌக்கியமாகச் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கதிர் கொடுத்தார். ஏன் போகத் தோன்றியது என்பது இன்றுவரை தெரியாது. சாட்சி சொல்லும் மேடையில் இதற்கும் ஓர் உருக்கமான காரணம் கண்டுபிடித்துவிடலாம். நான் "தெரியவில்லை" என்று எழுதி வைத்தேன்.

பயம் அடிக்கடி ஏவுதலின் வேஷத்தில் வந்தது. மகளுக்கு இரண்டாவது பிரசவ சமயம். உடனே ஊருக்குப் போ, ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், வெள்ளைத் துணி என்று படம் படமாக வந்தது. "கர்த்தர் உணர்த்துகிறார்" என்று என் வாயாலேயே சொன்னேன். கணவர், "மொதல்ல போன் பண்ணிக் கேளு" என்றார். மகள் சிரித்தாள். "எம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க கெடந்து அலட்டாதீங்க." இந்தப் பயத்தையும் முன்பு வந்த அந்த உறுத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பயம் கத்தியது, படம் காட்டியது, விசாரிக்க நேரம் கொடுக்கவில்லை. மாத்திரைக்காரர் வீட்டுக்குப் போகச் சொன்னது கத்தவே இல்லை. போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள் என்று மட்டும் விட்டது.

நோட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. உண்மையான உறுத்தல் எதுவும் இன்னொருவர் வாழ்க்கையை நான் தீர்மானிக்கச் சொல்லவில்லை. என் நேரம், என் நடை, என் மௌனம், இவற்றைத்தான் கேட்டது.

மூத்த மிஷனெரிக்கு இதில் தனி வேலை உண்டு. இளையவர்கள் வந்து, "அம்மா, கர்த்தர் என்னை வேறு தளத்துக்குப் போகச் சொல்கிறார்" என்பார்கள். சாமுவேல் சிறுபையனாக இருந்தபோது குரல் கேட்டு மறுபடி மறுபடி ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிடுவது யார் என்று கண்டுகொண்டவர் கண் மங்கிய கிழவர். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்துப் படுக்க அனுப்பினாரே தவிர, செய்தி இன்னது என்று அவர் சொல்லவில்லை. துரோவாவில் பவுலுக்குத் தரிசனம் வந்தது. மக்கெதோனியாவுக்குப் போவது என்று நிச்சயித்தது கூட இருந்தவர்களும் சேர்ந்து. நானும் இளையவர்களிடம் கேள்வி மட்டும்தான் கேட்பேன். இதைக் கேட்டு நடந்தால் யாருக்கு நல்லது? உனக்கு என்ன செலவு? உன் மனைவி என்ன சொல்கிறாள்? ஒரு மாதம் பொறுத்தால் இது மறைந்துவிடுமா, இருக்குமா?

இப்போது ஊருக்கு வந்துவிட்டோம்; முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று இன்னும் நான் சொல்வதில்லை. "மனசு கேக்கல, போனேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களிடம் சொல்ல இரண்டே விஷயம். கர்த்தர் பெயரைச் சொல்லி உங்கள் மகளின் கல்யாணத்தையோ உங்கள் வீட்டுப் பத்திரத்தையோ யாராவது தீர்மானிக்க வந்தால், அவகாசம் கேளுங்கள், நாலு பேரிடம் விசாரியுங்கள். ஆனால் யாரையாவது போய்ப் பார் என்று உங்கள் மனம் அரித்தால், தப்பாகப் போனால் நஷ்டம் ஒரு சாயங்காலம் மட்டும்தான் என்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.