'மாமா ஏன் பேசறதே இல்லை?' - பார்க்கின்சனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மனச்சோர்வு

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில்தான் விடியும். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டி, சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கியவர்கள், ஒரே பேப்பரை நாலாகப் பிரித்துப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அனுப்பர்பாளையம் பக்கத்தில் அப்படியொரு கடைக்கு இருபது வருடமாக வந்துகொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர், ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க, போகத் தோணலை" என்றார் வீட்டில். அப்போது அவருக்கு வயது 61.

கை நடுங்க ஆரம்பித்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான். அதனால் வீட்டில் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கட்டிங் மாஸ்டர் வேலை என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: துணியை மடிப்பு மடிப்பாக விரித்து அடுக்கி, மேலே அளவு வரைந்து, மின்கத்தியால் மொத்தமாக வெட்டுபவர். கத்தி கொஞ்சம் விலகினாலும் அடுக்கு முழுக்க வீண். ஆனால், இவரைக் காட்டிக்கொடுத்தது கத்தி அல்ல, கையெழுத்து. வெட்டிய துணிக்கட்டின் மேல் அவர் எழுதும் சைஸ் நம்பர் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே போனது. "மாஸ்டர், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கீங்க" என்று டெய்லர்கள் சிரித்தார்கள். பிறகு, சும்மா மடியில் கிடக்கும்போது வலது கை விரல்கள் எதையோ உருட்டுவதுபோல ஆடின. ஏதாவது எடுக்கப் போனால் ஆட்டம் குறைந்தது. நடை தளர்ந்தது. முதலில் காட்டிய கிளினிக்கில் "வயசாச்சுல்ல" என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவர், நடக்கச் சொல்லிப் பார்த்து, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்து, பார்க்கின்சன் என்றார்.

லெவோடோபா மாத்திரை கேட்டது. நடுக்கம் குறைந்தது, நடை சீரானது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவர் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கட்டிலில் படுத்தே கிடந்தார்.

"நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்காரு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று மருமகளிடம் அழுதார் அவர் மனைவி. இதில் பாதி, நோய் செய்த வேலை. பார்க்கின்சனில் முகத்தின் தசைகளும் இறுகிவிடும். கண் சிமிட்டுவது குறையும், சிரிப்பு உதட்டுக்கு வராது, குரலும் உள்ளே போய்விடும். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தாலும் வெளியே கல் மாதிரிதான் தெரியும். மீதிப் பாதி வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மருத்துவர்களுக்கே சிரமம். மெதுவாக நடப்பது, தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, களைப்பு எல்லாம் பார்க்கின்சனிலும் வரும், மனச்சோர்விலும் வரும்.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே குறிப்பிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் இது கை கால் அசைவு சம்பந்தப்பட்ட நோயாகவே பார்க்கப்பட்டது. இன்றைக்குத் தெரிவது வேறு. மூளையில் டோபமைன் மட்டும் குறைவதில்லை. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் அமைப்புகளும் அடிவாங்குகின்றன. பார்க்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. சிலருக்கு நடுக்கத்துக்குச் சில வருடங்கள் முன்பே அது வந்துவிடுகிறது. 'நோய் வந்துடுச்சேங்கற கவலைதான், வேறென்ன?' என்று சொந்தக்காரர்கள் சொல்வது அதனால்தான் முழு உண்மை ஆவதில்லை. நோய் இருப்பதே தெரியாத காலத்தில் டீக்கடையை விட்ட மனிதர் அவர்.

திருப்பூரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. புதிதாகப் பார்ப்பவர் இங்கே முதலில் கேட்பது "எந்தக் கம்பெனிங்க?" வேலையை விட்டவரிடம் அதற்குப் பதில் இல்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் போகிற நாலு பேருக்கு அதைச் சொல்லியாக வேண்டும். உள்ளேயே இருந்துவிடுவது சுலபம்.

விஷயத்தைப் பிடித்தது மருமகள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். அங்கே மணிக்கு மணி எத்தனை பீஸ் பார்த்தது, எத்தனை ரிஜெக்ட் என்று எழுதுவார்கள். அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, மாமனாருக்கு எழுத ஆரம்பித்தார். மாத்திரை போட்ட நேரம், நடை, நடுக்கம், மனசு. பகலில் அத்தை பார்த்துச் சொல்வதை ராத்திரி எழுதுவார். "அம்மிணி, என்னையவும் செக்கிங் பண்றயா?" என்று அவர் கேட்டதுதான் அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம்.

இரண்டு வாரத்தில் நோட்டு இரண்டு சங்கதிகளைச் சொன்னது. ஒன்று, அடுத்த மாத்திரைக்கு முந்தைய முக்கால் மணி நேரம் படபடப்பும் பயமும் வருகிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அடங்குகிறது. இரண்டாவது, கை கால் நன்றாக இருக்கும் நேரத்திலும் அவர் எதையும் தொடுவதில்லை. பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர் அவரிடமே கேட்டார்: "உடம்பு ஒத்துழைக்கிற நேரத்துல, முன்னாடி பிடிச்ச எதையாவது செய்யறீங்களா?" இல்லை என்று தலையாட்டினார். "ஏனுங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "நான் இருந்து என்னத்துக்குங்க? இவங்களுக்கெல்லாம் பாரம்" என்றார். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று மருத்துவர் நேராகவே கேட்டதும், மகன் பதறிப்போனார். அப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. 'எப்பவாச்சும் தோணும்' என்றார் அவர். மனைவிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தன்னை மதிக்காமல் போவது, எதிலும் நம்பிக்கை அற்றுப்போவது, பாரம் என்று நினைப்பது, செய்ய முடிகிற நேரத்திலும் பிடித்ததைச் செய்யாமல் இருப்பது: இவற்றை நடுக்கத்தின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தைராய்டும் பி12-ம் ரத்தப் பரிசோதனையில் பார்க்கப்பட்டன. படபடப்புக்கு லெவோடோபா மாத்திரையின் நேரங்களை நெருக்கி அமைத்தார்கள். மனச்சோர்வுக்குத் தனியாக ஒரு மாத்திரை, சிறிய அளவில். அது வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் பத்தாம் நாள் நிறுத்தியிருப்பார்கள். செலிஜிலின், ரசாஜிலின் போன்ற பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மனநல மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகளோடு அவை ஒத்துப்போகாது. இதற்கிடையே தாராபுரத்துப் பெரியப்பா பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே மாத்திரையோடு சேர்த்துக் கணக்கில்லாமல் சாப்பிட்டால் அளவு தப்பிவிடும். பொட்டலம் பரணுக்குப் போனது. "மனசுக்கு மாத்திரையா? அவருக்கென்ன பைத்தியமா?" என்றும் பெரியப்பா கேட்டார். அதற்கு அத்தை கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் தொடங்கியது. பெரிய தத்துவம் ஏதும் இல்லை. முதல் வாரத்துக்குக் கொடுத்த வேலை, சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஊற்ற வேண்டும். அடுத்து தெருமுனை வரை நடை. மூன்றாவது முறை போனபோது ஆலோசகர் மனைவியைத் தனியே உட்காரவைத்து, "நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது.

கோவைக்குப் போக வழியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். மனசு தாங்காத நேரத்தில் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

ஏழாவது வாரம். பேரன் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வாங்கிய புது டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஒருமுறை துவைத்திருந்தார்கள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாடி முறுக்கிக்கிச்சு பாரு. சைடு தையல் வயித்துக்கு வந்திருச்சு. துணியை ஆற விடாம வெட்டியிருக்கானுங்க. எந்தக் கம்பெனிடா இது?"

மருமகள் நோட்டை எடுத்து 'மனசு' கட்டத்தில் அதை அப்படியே எழுதிவைத்தார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறாவது டீக்கடைக்குப் போகிறார். சிந்தாமல் இருக்கட்டும் என்று கடைக்காரர் அவருக்கு அரை கிளாஸ்தான் ஊற்றுகிறார். குடித்து முடித்ததும் மீதி அரை கிளாஸ்.