கெய்ரோவின் நாட்காட்டியில் மறைப்பணி

ஜனவரி 7

எகிப்தின் பூர்வகிறிஸ்தவர்களான கோப்தியர் பழைய ஜூலியன் கணக்கைப் பின்பற்றுவதால் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா கெய்ரோவில் இந்த நாளில் வருகிறது; 2003 முதல் இது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. மாற்கு நற்செய்தியாளரையே தங்கள் சபையின் நிறுவனராகக் கொள்ளும் இம்மக்கள், இஸ்லாம் எகிப்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள். எனவே 1854இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியர் கெய்ரோவில் ஊழியம் தொடங்கியபோது, கிறிஸ்துவின் பெயரையே அறியாத ஊருக்கு அவர்கள் வரவில்லை. இஸ்லாத்தை விட்டு வெளியேறுவோர் குடும்பத்தையும் மண உறவையும் சொத்துரிமையையும் இழக்க நேர்ந்ததால் முஸ்லிம்களிடையே திருமுழுக்கு பெற்றவர் மிகச் சிலரே. அமெரிக்க மிஷனரிகள் நிறுவிய சுவிசேஷ சபையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கோப்தியர். மூத்த சபை இதை மந்தைத் திருட்டாகக் கண்டதில் வியப்பில்லை.

ஏப்ரல்

10ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமியக் கலீஃபாக்கள் எழுப்பிய அல்-அஸ்ஹர், பள்ளிவாசலாகவும் இஸ்லாமிய உயர்கல்விக் கூடமாகவும் ஒருங்கே விளங்குவது. அரேபியக் கடற்கரையில் பல ஆண்டுகள் உழைத்தபின் கெய்ரோவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஸ்வெமர், 1928 ஏப்ரலில் அதனுள் சென்று மாணவர்களுக்குத் துண்டுப்பிரசுரங்கள் வழங்கினார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஆங்கிலேயரின் ஆதிக்கமும், அயல்நாட்டவரை எகிப்திய நீதிமன்றங்களுக்கு அப்பால் வைத்துக் காத்த பழைய உடன்படிக்கைகளும் நிலவிய காலத்தில், இச்செயல் விசுவாசத் துணிவாக அன்றி ஆள்வோரின் பாதுகாப்பில் நிகழ்ந்த அத்துமீறலாகவே நகரத்தாருக்குத் தோன்றியது. அத்தோற்றத்தை முற்றிலும் தவறென்று தள்ளுவதும் கடினம். அதற்கு முந்தைய மாதத்தில்தான் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் ஹசன் அல்-பன்னா முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். மறைப்பணியாளர்களின் பள்ளிகளும் அநாதை விடுதிகளும் எழுப்பிய அச்சம், அவற்றுக்கு மாற்றாகத் தன் சொந்த நிறுவனங்களை அமைக்க அவ்வியக்கத்தைத் தூண்டியது.

மே 22

அதே 1928இல் இந்த நாளில் டெம்பிள் கெய்ர்ட்னர் காலமானார். ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். சங்கத்தின் பணியாளராக 1899இல் கெய்ரோவுக்கு வந்த அவர், நண்பர் டக்ளஸ் தார்ன்டனுடன் சேர்ந்து, கற்றறிந்த முஸ்லிம்களை நோக்கி அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்திரிகை நடத்தினார். வாதிட்டு வெல்வதே தொடக்கத்தில் அவர் வழியாக இருந்தது. இஸ்லாத்தைப் பற்றி 1909இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே கடுமையானது, பின்னாளில் அதைச் சற்றே தணிவாக மாற்றிக்கொண்டார். ஆயினும் அவரது பிற்காலத்து ஆக்கங்களை அடுக்கிப் பார்த்தால் திசை மாறியிருப்பது புலப்படும்: கெய்ரோ மக்களின் பேச்சரபுக்கு ஒரு பாடநூல், அரபு ஒலியியல் பற்றி 1925இல் ஓர் ஆய்வு, விவிலியக் கதைகளைக் கொண்ட நாடகங்கள், எகிப்திலும் சிரியாவிலும் பாடப்பட்ட மெட்டுகளின் தொகுப்பு. ஐரோப்பிய இராகத்தில் அரபுச் சொற்களைத் திணித்துப் பாடுவதைவிட உள்ளூர் மெட்டில் துதிப்பதே இயல்பானது என அவர் கருதினார். 1924இல் இஸ்லாமிய மெய்ஞ்ஞானி அல்-கஸ்ஸாலியின் ஒளிமாடம் பற்றிய நூலையும் மொழிபெயர்த்தார். எதிராளியின் நூலில் பிழை தேடுபவர் அத்தகைய உழைப்பை அதற்குத் தரமாட்டார். திருமுழுக்கு எண்ணிக்கையை மட்டும் அளவாகக் கொண்டால் கெய்ர்ட்னர் தோற்றவரே. அந்த அளவுகோலே கெய்ரோ போன்ற நகருக்குப் பொருந்தாதது.

ஜூன் 20

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மறைப்பணி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, மிஷனரிகள் கொடையாளராக நிற்பதை விட்டு நண்பராக வேண்டும் என்று இந்த நாளில் கேட்டார். அம்மாநாட்டின் வரலாற்றைப் பொதுவாசகர்களுக்காக எழுதியவர் கெய்ர்ட்னர்தான்.

நவம்பர்

1854இல் தொடங்கிய அந்தச் சுவிசேஷ மரபின் வழிவந்த கஸ்ர் அல்-தொபாரா ஆலயம் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தின் பின்புறம் உள்ளது. 2011 நவம்பரில் சதுக்கத்தைச் சுற்றிக் காவல் படையினருக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல் மூண்டபோது ஆலய வளாகம் காயமுற்றோருக்கான மருத்துவமனையாயிற்று. கிறிஸ்தவ மருத்துவர்களும் முஸ்லிம் மருத்துவர்களும் அங்கே சேர்ந்து பணியாற்றினர். அயல்நாட்டுச் சங்கம் எதுவும் திட்டமிடாத இந்தப் பணியால் அவ்வாலயம், அதுவரை அதன் வாசலைக் கடந்திராத முஸ்லிம் இளைஞர் பலருக்கும் அறிமுகமாயிற்று.