பெண் பார்க்க வருகிறவர்கள் பார்க்காதது

எனக்குக் கண்பவர் மைனஸ் 11. பத்து வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. என் கண்ணைப் பற்றிப் பேசிய எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசினார்கள். பெண் பார்க்க வந்த நாள்களில் பெரியம்மா, "அம்மிணி, அதக் கழட்டி வெச்சுட்டு வா" என்பார். கழற்றினால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைப் பார்க்க, நான் பார்க்காமல் இருக்க வேண்டும். அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

சிக்கல் இருப்பது விழியின் நீளத்தில். வளர்ந்தவர்களின் விழி முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர், என்னுடையது 28. பவர் மைனஸ் 6ஐத் தாண்டினாலே கடும் கிட்டப்பார்வை என்கிறார்கள். விழி நீள நீள, உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு, இழுத்த பனியன் துணிபோல மெலிகிறது. ஓரத்தில் ஓட்டை விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். இன்னொரு ஆபத்து, திரைக்குக் கீழே ரத்தக்குழாய்கள் நிறைந்த படலம் மெலிந்து கீறல் விடுவது. கீறல் வழியே புதிய குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, பார்வையின் நடுமையத்திலேயே கசியும்.

பூண்டிக்காரர்களுக்குச் சுந்தரரைத் தெரியும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னைச் சிவனின் பூதகணங்கள் அவரிடம் வழிப்பறி செய்த ஊர் இது. அதே சுந்தரர்தான் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தவர். காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பாடிப் பெற்றார். வாக்குத் தவறிய ஆணின் குருடு பதிகமானது. எந்த வாக்கும் தவறாத பெண்ணின் பவர் நம் வீடுகளில் 'குறை'யாகிறது. குறையென்றால் மறைக்க வேண்டும்.

இப்போது மறைக்க லேசிக் இருக்கிறது. கல்யாணப் பேச்சுக்கு முன்பே செய்துகொண்ட மாணவிகள் எனக்குண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் லேசிக் விழியின் முன்பக்கத்தைத்தான் சீவுகிறது. நீளம் அப்படியே இருக்கிறது, விழித்திரையின் ஆபத்தும் அப்படியே. "கண்ணாடிதான் போயிருச்சே, இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பரிசோதனை நின்றுவிடுகிறது. புகுந்த வீட்டில் அவளுக்கு மைனஸ் 9 இருந்ததே யாருக்கும் தெரியாது.

பிரசவத்தில் முக்கினால் விழித்திரை கழன்றுவிடும் என்றும் பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பவர் அதிகம் என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது.

எங்கள் வீதியில் ஓர் அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங். கோடு போட்ட துணியில் கோடு நெளிகிறது என்று நல்ல பீஸ்களை டேமேஜில் போட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் திட்டினார். நெளிந்தது துணி அல்ல; வலக்கண்ணின் மையத்தில் ரத்தம் கசிந்திருந்தது. வீட்டில், "இன்னொரு கண்ணு தெரியுதுல்ல, சீசன் முடியட்டும்" என்றார்கள். முடிந்தபோது தழும்பு விழுந்துவிட்டது. சீக்கிரம் போயிருந்தால், விழிக்குள் போடும் ஊசியால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1997லிருந்து இருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துத்தான் விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார்கள். பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைய கூலி போகும், துணைக்கு ஒருவர் வேண்டும். நம் பெண்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். வருஷத்துக்கு ஒரு நாள் நம் கண்ணுக்கென்று கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாய்ப் பறந்தால், ஒரு பக்கம் திரை இறங்கினால் அன்றைக்கே கிளம்புங்கள். பவர் அதிகமுள்ளவர்கள், கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் இழப்பை மறைத்துவிடும். கம்பி வளைந்து தெரிந்தால் அடுத்த முகூர்த்தம், அடுத்த சீசன் என்று காத்திருக்க வேண்டாம்.