கைக்குப் பாரம் பழக்குதல்

கை ஒன்று ஓய்ந்தால் வீடே ஓய்ந்துவிடும் என்பதை மன்னார்க் கரையில் வாழ்வோர் நன்கறிவர். பேசாலையில் வலை இழுப்போருக்கும், வீட்டில் நீர் அள்ளி, அரிசி புடைத்து, ஓலை பின்னும் பெண்மணிகளுக்கும் மணிக்கட்டின் வலிமையே முதற்பொருள்.

சென்ற மாரியில் ஈரப்படியில் கால் வழுக்க, நாம் வலக்கையை ஊன்றி விழுந்தோம். மணிக்கட்டருகே எலும்பு முறிந்தது. இவ்வாறு விழுவோருக்கு நேரும் முறிவை அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கொலிஸ் 1814ஆம் ஆண்டிலேயே விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆறு வாரம் பிளாஸ்டர் கட்டுடன் இருந்தோம். கட்டை அவிழ்த்த அன்று கண்ட கை எமதாகவே தோன்றவில்லை. மெலிந்து, வறண்டு, விறைத்துக் கிடந்தது. தேநீர்க் கோப்பையும் பாரமாயிற்று.

எலும்பு பொருந்தினாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. எலும்பு உயிருள்ள பொருள். பாரம் தாங்கினால் உறுதி பெறும், தாங்காவிடின் தேயும். ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் இக்கருத்தை நூலாக வெளியிட்டார். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரரின் எலும்புகள் தேய்வதும் இதற்குச் சான்றாகும்.

கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டி வந்தோம். அவிழ்த்தபின் இளஞ்சூட்டு நீரில் மணிக்கட்டை அசைத்தோம். மருத்துவர் இசைந்த பின்னரே பாரம் ஏற்றத் தொடங்கினோம். முதற்படி சுவர்: உள்ளங்கையைச் சுவரிற் பதித்து, உடலை மெல்லச் சாய்த்துப் பத்து எண்ணுதல். இரண்டாம் படி மேசை: அதன்மேல் கையை ஊன்றி நிற்றல். ஆள் நிறுக்கும் தராசை மேசையில் வைத்து அழுத்தினோம். முதல் நாள் முள் 2 கிலோவைத் தாண்டவில்லை. கிழமைதோறும் சிறிது சிறிதாக ஏறிற்று. மூன்றாம் படி தரை: பாயில் முழந்தாளிட்டு, தவழும் குழந்தைபோல் இரு கைகளையும் ஊன்றி, எடையை முன்னும் பின்னும் மாற்றுதல்.

எவ்வளவு பாரம் தகும்? நோவே அதற்கு அளவுகோல். பயிற்சியில் தோன்றிச் சற்று நேரத்தில் அடங்கும் சிறு நோவுக்கு அஞ்சவேண்டியதில்லை. மறுநாளும் நீடித்தால், வீக்கம் கூடினால், ஒருபடி இறங்கவேண்டும். விரல்கள் மரத்தால் மருத்துவரை நாடவேண்டும். கொல்லிமலையில் வளர்ந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த போல் பிராண்ட், நோவை உணராத கைகளே அறியாமற் காயமுற்றுச் சிதைகின்றன என்று கண்டார். அவ்வாறாயின் நோவு எம் பகையன்று, காவலனே.

இங்கே வீட்டாருக்கும் ஒரு சொல். முறிந்த கையுடைய முதியவரை, ‘நீங்கள் ஒன்றுக்கும் கை வைக்கவேண்டாம்’ என்று அன்பினால் அமர்த்திவிடுகிறோம். எலும்பு பொருந்திய பின்னரும் அந்த அன்பு தொடர்ந்தால், விறைத்த கை விறைத்தே போகும். மருத்துவர் அனுமதித்ததும் சிறு துணியைப் பிழியக் கொடுங்கள். பின்னர் கால் வாளி நீர். அதன்பின் அரை வாளி.

நான்காம் மாதத்தில் நாம் நிறைவாளியைத் தூக்கினோம். விரைந்தோ சோம்பியோ இருந்தால் அது கைகூடியிராது. படிப்படியாகப் பாரம் பழகிய கையே மீண்டும் வீட்டைத் தாங்கும்.